வூடு காலியா கீதா என்று கேட்ட ஏலியன்

தனாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்து "சொல்லு" என்றேன். மறுமுனையில் "கலா" என்று ஒரு மனிதக் குரல் கேட்டது. அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடந்த சில வருடங்களாக அந்த எண்ணிலிருந்து மனிதக் குரல் வந்ததே இல்லை. கழுத்தில் வைத்துப் பேசும் மெஷினின் இரைச்சல்தான் முதலில் வரும். அதற்குள்ளிருந்து தனா மெதுவாக வருவான். அன்று பேசியது அவன் மனைவி ஜெயந்தி. "டீ வாங்கினு வரலாம்னு கீழ போனேன் கலா. அதுக்குள்ள போயிட்டாரு" என்றாள். வாங்கிய டீயை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். நானும் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

தனசேகரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்த கிளியரிங் ஆபீஸ்காரர்கள், பிறகு அவன் போய்ச் சேர்ந்த காட்டுப்பள்ளி கன்டெய்னர் யார்டு நண்பர்கள், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் அவனோடு வளர்ந்தவர்கள், திருவொற்றியூரில் அவன் குடியிருந்த வீட்டுக்காரர்கள். இறந்தவருக்கு மரியாதையாக 'அவர்' போட்டு எழுதிப் பார்த்தேன். ஏதோ ஒரு முன்னாள் கவுன்சிலரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. தனாவே பார்த்தால் "யாரப் பத்தி எய்திகினு கீற?" என்று கேட்டிருப்பான். எனவே அவன்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது ஓர் இணைய இதழில் வீடியோ கேம்களைப் பற்றி எழுதுகிறேன். வேற்றுக்கிரகவாசி ஒருவன் பூமியைப் பிடிக்க வரும் பழைய நகைச்சுவை கேம் ஒன்றைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள், அது இன்றைக்கும் தாக்குப்பிடிக்கிறதா என்று ஒரு கட்டுரை கொடுங்கள் என்று ஆசிரியர் கேட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. தனாவைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அந்த கேமைப் பற்றிச் சொல்லாமல் தனாவைப் பற்றியும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறேன். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில் ஒரு லாரி பார்சல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கத்தில் காகிதம் போட்டு வெளியே எடுத்துத் தருவது வேலை. தனாவும் நானும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள், ஒரே கம்ப்யூட்டரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. முன்பு இருந்தது, காலையில் வந்ததும் தனா அதில் கானா பாட்டுப் போடுகிறான் என்று எங்கள் மேனேஜர் அதைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மற்றபடி நல்ல மனிதர். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் என்ன விளையாடினாலும் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த கேமின் சிடியை எங்கிருந்தோ தனாதான் கொண்டுவந்தான். திரையில் அமெரிக்காவின் பழைய காலத்துச் சின்ன ஊர் ஒன்று. வெள்ளை வேலி போட்ட வீடுகள், புல்தரை, மாடுகள், தொப்பி வைத்த ஆண்கள். வானத்திலிருந்து ஒரு பறக்கும் தட்டு இறங்கும். அதிலிருந்து பெரிய மண்டையும் குச்சிக் கால்களுமாக ஒரு ஏலியன் வருவான். வாயை வாயை அசைத்து ஏதோ பேசுவான். ஊர் ஜனங்களும் வாயை அசைப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்பீக்கர் பீரோவுக்குள் இருக்கிறது.

முதல் நாள் கொஞ்ச நேரம் அந்த ஊமைப் படத்தைப் பார்த்த தனா, மேசை மேலிருந்த ஃபேனைத் தன் பக்கம் திருப்பினான். அதன் வலைக்கு அருகில் வாயைக் கொண்டுபோனான். சின்ன வயதில் நாம் எல்லோரும் ஃபேனுக்கு முன்னால் 'ஆ' என்று கத்தி விளையாடியிருப்போம், குரல் துண்டுதுண்டாக நடுங்கி வருமே, அந்தக் குரல். திரையில் ஏலியன் வேலிக்கு அருகே நின்ற ஒரு பெண்ணை நெருங்கினான்.

"யக்கா... இந்த வூடு காலியா கீதா?"

அந்தப் பெண் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"இன்னாத்துக்கு யக்கா ஓட்ற? இல்லன்னா இல்லன்னு சொல்லு, போய்கினே இருப்பேன். நான் இன்னா உன்ன கட்சா வெச்சேன்?"

எனக்குச் சாம்பார் சாதம் மூக்கில் ஏறிவிட்டது. தனா சிரிக்கவே இல்லை. அடுத்த வீட்டுக்கு ஏலியனை ஓட்டிக்கொண்டு போனான். "நீ ஹவுஸ் ஓனர் பேசு கலா. எனக்கு அந்தக் கொரலு வராது" என்றான். நானும் யோசிக்காமல் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"யாருப்பா அது? செருப்ப கேட்டுக்கு வெளிய விடு முதல்ல."

"எனக்கு செருப்பே இல்லமா. வெறுங்கால்ல பறந்து வந்துகினு கீறேன்."

"அப்ப காலைக் கழட்டி வெளிய வெச்சிட்டு வா."

அப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த மதியங்களில் எல்லாம் ஏலியன் வீடு தேடினான். நான் இல்லை என்றேன். 'பேச்சிலருக்கு விடறதில்ல' என்றேன். 'ஃபேமிலியோட வந்தா எத்தனை தலை?' என்று கேட்டேன். "தல ஒண்ணுதாமா, கொஞ்சம் பெருசு" என்றான். 'அந்தத் தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சா டேங்க் காலியாயிடுமே' என்றேன். மேனேஜர் பின்னாலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஒருநாள் அவரே எடுத்துக் கொடுத்தார்: "நாங்க சுத்த சைவம்னு சொல்லும்மா, அதை விட்டுட்டியே!" நான் அதையும் சேர்த்துக்கொண்டேன். நடுவில் மின்சாரம் போகும். யூபிஎஸ் இருந்ததால் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஓடும், ஃபேன் நின்றுவிடும். "ஏலியனுக்குத் தொண்ட கட்டிகிச்சி" என்று தனா அப்போதே சொன்னான். எவ்வளவு சிரித்தோம்.

ஒரு மதியம் என் வாயில் இயல்பாக ஒரு கேள்வி வந்தது. "நீ எந்த ஏரியாப்பா?"

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. தனா அதன் வலைக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தான். பிறகு, "மேல" என்றான்.

"மேலன்னா?"

"மேலதாமா. ரொம்ப தூரம். உங்களுக்குத் தெரியாது."

கீழே டீக்கடையில் நிற்கும்போது, ஏதாவது ஒரு கிரகத்தின் பெயரை வைத்திருக்கலாமே, நன்றாக இருந்திருக்கும் என்றேன். தனா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "பேர சொன்னா வூடு கெடைக்காது கலா. அதுவரிக்கும் 'வாங்க தம்பி, குந்துங்க தம்பி'ன்னு பேசிகினு இருப்பாங்க. புளியந்தோப்புன்னு சொன்னதும் மூஞ்சி மாறும் பாரு, அத்த நீ பாக்கணும். இப்பதான் மச்சான் கேட்டிருந்தாரு, மறந்தே பூட்டேன்பாங்க. எல்லா வூட்லயும் ஒரு மச்சான் கீறான்."

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது எங்களுக்குத் தெரியும். ஜெயந்திக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் வேலை என்பதால் அங்கே வீடு பார்க்கிறான் என்பதும் தெரியும். காலையில் ஆபீஸுக்கு வருமுன் அவன் ஏறி இறங்கிய வாசல்கள்தான் மதியம் ஃபேனுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தன என்பது அந்த டீக்கடையில்தான் எனக்கு உறைத்தது. தனா வேறு எப்படியும் அதைப் பற்றிப் பேசியதில்லை. புலம்பியதில்லை. அன்றைக்கு எவன் என்ன சொல்லி அனுப்பினானோ அதை அன்றைக்கே ஏலியனுக்குக் கொடுத்துவிடுவான்.

இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், நம் மேனேஜர் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாகத்தானே இருக்கிறது, அவரிடம் கேள் என்றேன். அவர் வீட்டு வாசலில் 'டு லெட்' பலகை தொங்குவது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"தெரியும்" என்றான் தனா. "கேக்கலாம். அவரு இல்லன்னு சொல்லிட்டார்னு வெய்யி, நாளைக்கு மத்யானம் நாம எப்டி வெள்யாட்றது? அவரும் சிரிக்க மாட்டாரு, நானும் சிரிக்க மாட்டேன். இருக்கட்டும் வுடு. ஒரு வூடு போனா போவுது, சிரிப்பு இருக்கட்டும்."

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொடுத்துக்கூட இருக்கலாம். தனா கடைசிவரை கேட்கவில்லை.

அவன் எதையும் சிரித்தே கடந்துவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய். ராயபுரத்திலேயே ஒரு வீடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டிருந்தது. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தாராம், பூஜை அறைக்கு எந்தப் பக்கம் விளக்கு வைக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தாராம். ஜெயந்தியும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். முகவரிச் சான்றுக்குப் புளியந்தோப்பு முகவரி போட்ட ரேஷன் கார்டைக் காட்டியிருக்கிறான். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கும் ஒரு மச்சான் முளைத்துவிட்டான். அன்று மதியம் தனா வந்து உட்கார்ந்தான். ஃபேனைத் திருப்பவில்லை. ஏலியனைத் தட்டில் ஏற்றி, மேலே கொண்டுபோய், அந்த ஊரின் வீடுகளை வரிசையாகக் கொளுத்தினான். கேமில் அதற்கு வசதி உண்டு. அதுவரை நாங்கள் பயன்படுத்தியதில்லை. ஒரு வசனமும் இல்லை. மேனேஜர்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லா வீடும் எரிந்து முடிந்ததும் தனா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "இம்மாம் பெரிய வூட்ல ரெண்டு ரெண்டு பேருதான் கீறானுங்க, பாத்தியா?" என்றான். பிறகு கை கழுவப் போய்விட்டான். அவன் சாப்பாட்டு டப்பா அன்று திறக்கப்படவே இல்லை.

கன்னியம்மா வீடு கிடைத்தது அதற்கு அப்புறம். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் மீன் விற்கும் குடும்பம். கணவர் விசைப்படகில் போகிறவர். அங்கே போன தனா, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று வாசலில் நின்றபடியே "புளியந்தோப்புலேந்து வரேன், வூடு காலியா கீதா?" என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"மீன் நாத்தம் உனுக்கு ஒத்துக்குமா நைனா? மொதல்லயே சொல்லிடு. முன்னாடி ஒருத்தன் வந்து மூக்கப் புட்சிகினே இருந்தான். ரொம்ப பேஜாராப் பூட்ச்சி."

இதை ஆபீஸில் வந்து சொன்னான் தனா. "அந்தம்மா பயப்படுது கலா. நான் வாணாம்னு சொல்லிடுவேனோன்னு அது பயப்படுது" என்றான். வீடு காட்டும்போது கன்னியம்மா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "புளியந்தோப்பா? அப்ப கறி நல்லாக் கெடைக்குமே. ஞாயித்துக்கெயம நீ கறி வாங்கினு வா, நான் உனுக்கு மீனு தரேன்." அன்று மதியம் ஃபேனுக்கு முன்னால் ஏலியன் முதன்முறையாகத் தோற்றான். நான் மீன்காரம்மாவாகக் கதவைத் திறந்து "வாப்பா, வஞ்சிரம் வறுத்திருக்கேன்" என்றதும் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தட்டில் ஏறி ஓடினான். மூக்கு எங்கே இருக்கிறது அவனுக்கு என்று மேனேஜர் கேட்டார். அதற்குப் பிறகு தனா வேறு வீடு பார்க்கவே இல்லை. அவன் பிள்ளைகள் வளர்ந்ததெல்லாம் அந்த வீட்டில்தான்.

ஆபீஸ் மூடப்பட்டது. தனா காட்டுப்பள்ளிக்குப் போனான், நான் எழுத வந்தேன். நானும் திருவொற்றியூரிலேயே குடியிருந்ததால் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது ஜெயந்தி என்னிடம் வந்து அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது. ஒரு மனிதன் வாயால் பிழைக்கிறான் என்று சொல்வோமே, இவன் நிஜமாகவே அப்படி.

அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச காலம் கழித்துப் போன் வந்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். ஏதோ கோளாறு என்று வைக்கப் போனேன். அதற்குள்ளிருந்து ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல் கேட்டது: "யக்கா. வூடு. காலியா. கீதா." நான் போனைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்று சிரித்தேன், அழுதேன், பக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். டார்ச் லைட் மாதிரி ஒரு மெஷின், அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு பேச வேண்டும். சிலிண்டர் புக் செய்ய அவன் போன் போட்டால் எதிர்முனையில் இருக்கிற பெண்கள் ஏதோ விளம்பரக் குரல் என்று வைத்துவிடுவார்களாம். "மெஷினு பேசுதுன்னு நென்ச்சி மெஷினு மாதிரியே பேசறவங்க கட் பண்றாங்க கலா" என்று சொல்லிச் சிரிப்பான். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும்.

கேமின் புது வடிவம் என் கைக்கு வந்ததும் அவனையும் ஜெயந்தியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர். எங்கள் இருவருக்கும் ஒரு படபடப்பு. இருபது வருடப் பழக்கம் உள்ள ஏலியன், அவன் சொந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

கேட்டோம். அவன் யாரோ. கரகரத்த தொண்டையில் மிரட்டிக்கொண்டே பேசும் ஒரு படைத்தளபதி. மனிதர்கள் எல்லாம் முட்டாள்கள், இந்தக் கிரகத்தை என் அரசனுக்கு எழுதிக் கொடுங்கள் என்று வரிக்கு வரி பீற்றிக்கொள்கிறவன். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, தனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெஷினைக் கழுத்தில் வைத்தான்.

"இவன் வூடு தேட வர்லயா?"

"இல்ல தனா."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்தானாம்?"

"பூமியவே புடிக்க வந்திருக்கான்."

"முயு பூமியவா?" அவன் முகத்தில் நிஜமான ஏமாற்றம் தெரிந்தது. "ஒருத்தனுக்கு எதுக்குமா அம்மாம் எடம்? ஒரு ரூமு ஒரு கிச்சன் போதாதா?"

ஆசிரியர் கேட்ட விமர்சனத்தை இங்கே எழுதிவிடுகிறேன். புது வடிவம் பார்க்க அவ்வளவு அழகு. புல் காற்றில் அசைகிறது, தட்டின் அடிவயிறு வெயிலில் மின்னுகிறது, கை சொன்னபடி ஏலியன் கேட்கிறான். பழையதில் இருந்த அலுப்பும் அப்படியே இருக்கிறது. போ, ஒளிந்துகொள், தூக்கு, திரும்பி வா, மறுபடியும் போ. வசனங்களில் பாதி செத்துப்போனவை. பெண்களைப் பற்றிய ஜோக்குகளைக் கேட்டு ஜெயந்தி "இதான் சிரிப்பா?" என்று கேட்டாள். ஆனால் மாட்டைத் தூக்கி வானத்தில் சுழற்றும் அபத்தத்துக்கு நாங்கள் மூவரும் சிரித்தோம். இதுவரை நானே எழுதியிருப்பேன். இதற்கு அப்பால் உள்ளதைத் தனாதான் கண்டுபிடித்தான். ஏலியனைப் பார்த்து ஒரு ஆள் அலறி ஓடும் இடத்தில் அவன் நிறுத்தச் சொன்னான். "மூஞ்சி தெரியுது கலா" என்றான். பழையதில் அந்த ஜனங்களின் முகம் நாலைந்து புள்ளிகள்தான். ஓடினால் பொம்மை ஓடியதுபோல் இருக்கும். இப்போது நெற்றிச் சுருக்கம்வரை வரைந்திருக்கிறார்கள். ஓடுகிறவனின் கண்ணில் பயம் இருக்கிறது, கொஞ்சம் அருவருப்பும் இருக்கிறது. அந்த முகத்தை அவன் வீடு தேடிய வாசல்களில் பார்த்திருக்கிறான். படம் தெளிவானதில் சிரிப்பு குறைந்த இடம் அது.

நான் அணைத்துவிடலாமா என்று கேட்டேன். தனா ரிமோட்டை வாங்கி, டிவியின் சத்தத்தை மட்டும் அணைத்தான். மெஷினை எடுத்தான். தொப்பி வைத்த ஆளிடம் ஏலியனை மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தினான்.

"அண்ணாத்த. வூடு. காலியா. கீதா."

நான் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன். செருப்பை வெளியே விடச் சொன்னேன். மச்சான் கேட்டிருக்கிறார் என்றேன். சைவம் என்றேன். அந்த மெஷின் குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அதனாலேயே ஃபேன் குரலைவிடப் பத்து மடங்கு சிரிப்பாக இருந்தது. ஜெயந்தி தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "அப்பல்லாம் ஃபேன வெச்சிகினு டபாய்ச்சேன். இப்பதான் ஒரிஜினலு" என்றான் தனா. கிளம்பும்போது வாசலில் நின்று, கட்டுரையில் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். "கேமு இன்னிக்கும் தாங்குதுன்னு எய்து. அவன் பேச்சுதான் தாங்கலன்னு எய்து" என்றான்.

கட்டி திரும்ப வந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மெஷினைப் பிடிக்க அவன் கையில் தெம்பில்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை அன்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பெரியவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண் என்னிடம் தயங்கித் தயங்கி, "இந்த பெட்டு காலியாமா?" என்று கேட்டாள்.

தனாவின் கண்கள் விரிந்தன. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான். 'சைவமா கேளு.'

அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு அது வரவில்லை. "காலியாதாம்மா இருக்கு, வாங்க, படுக்க வைங்க" என்று நகர்ந்து வழிவிட்டேன். திரும்பினால் தனாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மறுபடி உதடு அசைந்தது. இரண்டு தடவை சொல்ல வைத்துத்தான் புரிந்துகொண்டேன். 'இத்தினி வருசத்துல இப்பதான் ஹவுஸ் ஓனர் சரின்னு சொல்றா.'

அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இறந்த அன்று ஜெயந்தி ஒரு விஷயத்துக்காகத் தவித்துக்கொண்டிருந்தாள். அவனை எங்கே கொண்டுபோவது? வாடகை வீட்டுக்குள் உடலைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்கிற வீட்டுக்காரர்களை நாம் எல்லோரும் அறிவோம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எடுத்துப் போய் முடித்துவிட்டு வாருங்கள் என்பார்கள். கன்னியம்மா நல்லவர்தான். ஆனாலும் அவர் மருமகள் பிள்ளை பெற்று வந்திருந்த நேரம், பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. கேட்டு அவர் முகம் மாறிவிட்டால்? "இத்தினி வருசம் கயிச்சி அந்த மூஞ்சிய நான் பாக்கணுமா கலா?" என்றாள் ஜெயந்தி. நேராகப் புளியந்தோப்புக்கே கொண்டுபோய்விடலாம் என்று அவள் முடிவு செய்து வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கன்னியம்மாவே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். மூச்சு வாங்கியது.

"இன்னாடி ஜெயந்தி, புள்ளய எங்க இட்டுனு போற?"

ஜெயந்தி புளியந்தோப்பு என்றாள்.

"அவன் வூடு அங்க கீது, நீ எங்கியோ இட்டுனு போறன்ற! கூடத்தக் கயுவி வுட்டு வந்துகீறேன். ஐஸ் பொட்டிக்கும் சொல்லியாச்சி. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவன் நாத்தம்னு சொன்னதில்லடி என் வூட்ட. நட, நட, வண்டியத் திருப்பச் சொல்லு."

கூடத்தின் நடுவில்தான் தனாவை வைத்தார்கள், வீட்டுக்காரர்கள் புழங்கும் பெரிய கூடத்தில். புளியந்தோப்பிலிருந்து அவன் உறவினர்கள் வந்து வெள்ளை உடையில் உட்கார்ந்து பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொன்னார்கள். குப்பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, யாரும் யாரையும் நிறுத்தவில்லை. எங்கள் பழைய மேனேஜர் தடியூன்றி வந்திருந்தார். கூட்டத்தில் அவரைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் நெடுநேரம் தனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா சிரிக்க வெச்சான்மா" என்றார். ஆமாம் சார் என்றேன்.

அந்த மெஷினை ஜெயந்தி ஆஸ்பத்திரியிலேயே குரல்வளை எடுத்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள். நல்லதுதான். எனக்கென்று அவன் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது எங்கள் விளையாட்டில் அவன் எனக்குக் கொடுத்த பாகத்தை. இல்லை இல்லை என்று சொல்லியே அவனைச் சிரிக்க வைத்தவள் நான்.

நேற்று அந்த கேமை மறுபடி போட்டேன். டிவியின் சத்தத்தை அணைத்தேன். பெரிய மண்டையும் குச்சிக் கால்களுமாக அவன் தட்டிலிருந்து இறங்கி, வெள்ளை வேலி போட்ட முதல் வீட்டு வாசலில் வந்து நின்றான். வாய் அசைந்தது. என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் இல்லை. மூக்கைத் தூக்கிக்கொள்ளாமல், என் சொந்தக் குரலில் சத்தமாகவே பதில் சொன்னேன்.

"காலியாதான் கீது. செருப்போடயே உள்ள வா."